முன்பாதி அப்பாவுக்கு

ஜனவரி 5, ஞாயிறு

இதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். என் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. போர்வைக்குள் டார்ச் வைத்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால் அணைத்துவிடுவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் பகலில் யாரிடமும் சொல்ல முடியாது. ஏனென்றால் அப்பா ராசிபுரம் முழுக்க, "எம் பொண்ணு பூங்கோதைக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லி வைத்திருக்கிறார். எனக்குப் பல்லி பயம். வாத்து பயம். பி.டி. சாரின் விசில் பயம். ஒன்பதாம் வகுப்பில் வாத்துக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

இப்போதைய பயம் வேறு. பெரியப்பா மகள் தமயந்தி அக்காவின் குழந்தைக்கு முதல் மொட்டை. பிப்ரவரி 2 என்று இன்று நாள் குறித்துவிட்டார்கள். கொல்லிமலை மேலே எங்கள் குலதெய்வக் கோயிலில். எல்லோரும் தாத்தாவின் பழைய அம்பாசடரில்தான் போக வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மொட்டைக்கு அந்தக் காரில்தான் போனோமாம். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் காருக்கு ஹேண்ட்பிரேக் வேலை செய்யாது.

அதாவது, நான்தான் ஹேண்ட்பிரேக்.

மேட்டில் வண்டி நின்றால் அப்பா, "கோத, கட்டை!" என்று கத்துவார். நான் காலடியில் இருக்கும் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து ஓடி, பின் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். லாரியில் கிளீனர் செய்கிற வேலை. இன்ஜின் சூடானால் எங்கள் வண்டி மேட்டில் தானாக அணைந்துவிடும் பழக்கம் வேறு உண்டு.

எழுபது வளைவு. நான் ஒருத்தி.

ஜனவரி 6, திங்கள்

ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். எங்கள் வீட்டில் அது முடியாது. ஏன் என்று எழுதுகிறேன்.

ஆறு வருடம் முன்பு தாத்தா இறந்ததும் பாகம் பிரித்தார்கள். வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தாயிற்று. விவசாயக் காட்டையும் பிரித்தாயிற்று. கார் மட்டும் மிச்சம். எனக்கு வேண்டும் என்றார் அப்பா. எனக்கு வேண்டும் என்றார் பெரியப்பா. பஞ்சாயத்துக்கு வந்திருந்த மாமா ஒருவர் விடியும் வரை பேசிப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டா அறுத்து முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன் வெச்சுக்குங்கடா" என்று துண்டை உதறிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். அவர் எரிச்சலில் சொன்னது. இவர்கள் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

முன்பாதி அப்பாவுக்கு. பின்பாதி பெரியப்பாவுக்கு. முன் சீட்டின் முதுகுதான் எல்லை. அதில்கூட முன்பக்க ரெக்ஸின் அப்பாவுடையது, பின்பக்க ரெக்ஸின் பெரியப்பாவுடையது. அவரவர் பாதியை அவரவர் ரிப்பேர் பார்க்க வேண்டும். இன்ஜின் அப்பாவுடையது, டீசல் டேங்க் பெரியப்பாவுடையது. ஸ்டெப்னி டிக்கியில் இருப்பதால் அது பெரியப்பாவுடையது. போன வருடம் முன் டயர் பஞ்சரானபோது, ஸ்டெப்னியைக் கேட்க மனம் வராமல், அப்பா சக்கரத்தைக் கழற்றி வெயிலில் உருட்டிக்கொண்டே பஞ்சர் கடைவரை போனார். பெரியப்பா பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹேண்ட்பிரேக்கின் கம்பி முன்னால், டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. அது பிடிப்பதோ பின் சக்கரங்களை. நடுவில் கேபிள் ஒன்று எல்லை தாண்டிப் போகிறது.

"பிடிக்கிறது பின்னாலதான? அது அவர் பாடு" என்பார் அப்பா.

"இழுக்கறது முன்னாலதான? அது அவன் பாடு" என்பார் பெரியப்பா.

ஜனவரி 8, புதன்

மலைக்குப் போகும் முன் எந்தெந்த ரிப்பேர் அவசியம் என்று இன்று கார் ஷெட்டில் பேசினார்கள். பேசினார்கள் என்றா சொன்னேன்? அவர்கள் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. நான்தான் பேசுகிறேன். இரண்டு பேரும் கை எட்டும் தூரத்தில் நிற்பார்கள். நான் நடுவில்.

"கோத, உங்க பெரிப்பாகிட்டக் கேளு. பின் கதவு ஒண்ணு தொறக்கவே மாட்டேங்குதே, அத எப்பப் பாக்கறதா உத்தேசம்னு."

"பெரிப்பா, பின் கதவு..."

"காது கேக்குது எனக்கு. உங்கொப்பன்கிட்டச் சொல்லு, அந்தக் கதவு தொறக்காட்டி ஒண்ணும் குடி முழுகிடாது. இந்தக் கதவு வழியா ஏறி நகந்து உக்காந்தா ஆச்சு. மொதல்ல பின் ஜன்னலுக்கெல்லாம் கெட்டியாத் திரை போடோணும். அதான் அவசியம்."

"திரை எதுக்காமா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"வெயிலுக்கு" என்று பெரியப்பா என்னிடம் சொன்னார்.

தை மாதம் கொல்லிமலையில் என்ன வெயில் என்று தெரியவில்லை. அப்பாவுக்கு அவசியமாகப் படுவது ஹாரன். "மலையில ஹாரன் இல்லீன்னா உசுரே இல்ல. பஸ்ஸுக்கு வெக்கற ஹாரனா வெச்சுரலாம்" என்றார். சொல்லும்போது இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்பாவுக்கு எப்போதுமே கை வியர்க்கும் போல.

"ஹேண்ட்பிரேக்..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"அது அவர் பாடு."

"அது அவன் பாடு."

இதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியவர்களுக்குப் பயம் கிடையாது. அதனால்தான் ஹேண்ட்பிரேக் அவர்களுக்கு முக்கியமாகத் தெரியவில்லை.

ஜனவரி 11, சனி

ஹாரன் வந்துவிட்டது. அப்பா அழுத்திப் பார்த்தார். எதிர்வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். காரையும் கழுவிப் பொட்டு வைத்தோம். முன்பாதிக்கு நானும் அம்மாவும், பின்பாதிக்குப் பெரியம்மாவும் தமயந்தி அக்காவும். அம்மாவும் பெரியம்மாவும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். சுவர் வழியாகக் குழம்பு போகிறது, வருகிறது.

ஹாரனுக்குப் போட்டியாகப் பெரியப்பா பின்பாதிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார். அதைப் பார்த்து அப்பாவும் முன்பாதிக்கு அடித்தார். இரண்டு பேரும் கடையில் வெள்ளை என்றுதான் கேட்டார்களாம். முன்னால் பால் வெள்ளை, பின்னால் மோர் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கார் இன்னொரு காரைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல இருக்கிறது.

திரை மெரூன் நிறம். உள்ளே உட்கார்ந்தால் எக்ஸ்ரே எடுக்கும் அறை மாதிரி இருட்டு. பெரியப்பா எல்லாத் திரைகளையும் இழுத்து மூடி உட்கார்ந்து பார்த்து, "ஒண்ணுமே தெரியல" என்று திருப்தியாகச் சொன்னார்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று அப்பா எனக்குப் பயிற்சி கொடுத்தார். ஏரிக்கரை மேட்டில்.

முதல் தடவை கட்டையை முன் சக்கரத்துக்குப் போட்டேன். இரண்டாவது தடவை சரியான சக்கரம், தப்பான பக்கம். மூன்றாவது தடவை குதித்துத் திரும்பினால் கரையில் நாலைந்து வாத்துகள். நான் கட்டையோடு மறுபடி காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி மெதுவாகப் பின்னால் போயிற்று. அப்பா "கட்டை, கட்டை" என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தார். கால் பிரேக் பிடித்தது. ஆனாலும் அதற்குள் பின்பாதி மாட்டுத் தீவனத்துக்கு யாரோ அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டுப் போருக்குள் போய்விட்டது.

"ஏங்கண்ணு, ஏன் ஏறிட்டே?" என்றார் அப்பா.

"கட்டை வழுக்கிருச்சுப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் மோர் வெள்ளையாக இருந்தது. வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "எம் பொண்ணுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்றார். அங்கே எங்களைத் தவிர வாத்துகள்தான் இருந்தன.

பின்பாதி சோளத்தட்டுக்குள் போனதால் அதைச் சுத்தம் செய்வது யார் பாடு என்று வீட்டில் சண்டை. நான் மூன்று தடவை சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

எங்கள் பள்ளி வாசல் மேட்டில் இருக்கிறது. காலை மழைத்தூறல் என்று அப்பா காரில் கொண்டுவந்து விட்டார். பிரேயர் மணி அடிக்கும் நேரத்தில் சரியாக அங்கே இன்ஜின் அணைந்தது. "கோத, கட்டை!" புது ஹாரன் வேறு. யூனிபார்மோடு, ரிப்பனோடு, கட்டையோடு ஓடினேன். மூன்று வகுப்புகள் வரிசையில் நின்று பார்த்தன.

சாயங்காலம் ஆவதற்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கிளீனர். சயின்ஸ் டீச்சர்கூட அட்டென்டன்ஸ் எடுக்கும்போது சிரித்தார்.

அதுகூடப் பரவாயில்லை. பள்ளி வாசலின் சின்ன மேட்டுக்கே எனக்கு இவ்வளவு பயம். மலையில் கட்டை வழுக்கினால் பின்னால் சோளத்தட்டு இருக்காது. காருக்குள் அம்மா இருப்பாள். குழந்தை இருக்கும். இன்னும் பல் முளைக்காத குழந்தை.

தூக்கம் வரவில்லை.

ஜனவரி 22, புதன்

இன்று ஒன்று செய்துவிட்டேன்.

மாலையில் அப்பா, "உங்க பெரிப்பாகிட்டப் போயி, டீசல் போட்டாச்சான்னு கேட்டுட்டு வா" என்றார். போனேன். பெரியப்பா ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "போட்டாச்சுன்னு சொல்லு" என்றார். திரும்பி வரும்போது சுவர் ஓரம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன்:

"டீசல் போட்டாச்சாம்ப்பா. அப்பறம்... ஹேண்ட்பிரேக் பூராவும் அவரோடதாம். அதுல நீங்க கை வெக்கக் கூடாதாம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. "என்னது? கம்பி எஞ் சீட்டுக்கிட்ட இருக்குது. பூராவும் அவரோடதா?"

நான் மறுபடி அந்தப் பக்கம் போனேன்.

"பெரிப்பா, அப்பா சொல்லச் சொன்னாரு. ஹேண்ட்பிரேக் பூராவும் அவரோடதாம். அதுல நீங்க கை வெக்கக் கூடாதாம்."

"அப்படியா சொன்னான்? பிடிக்கறது எஞ் சக்கரம். அவன் பிரேக்கா?" பெரியப்பா சொம்பைக் கீழே வைத்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டிருக்கும்.

ஆறு வருடமாக யாருக்கும் வேண்டாத ஹேண்ட்பிரேக் ஒரே நிமிடத்தில் இரண்டு பேருக்கும் உயிராகிவிட்டது. எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இப்போது வேறு பயம். இவர்கள் என்றைக்காவது நேரில் பேசிக்கொண்டால் என் கதி என்ன?

பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரி 25, சனி

காலையில் பெரியப்பா மில்லுக்குப் போனதும் அப்பா மெக்கானிக் லாரன்ஸ் அண்ணனை ஷெட்டுக்கு வரவழைத்தார். "கேபிள் நீண்டு போச்சுங்க" என்று அவர் அதைச் சுருக்கி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். மத்தியானம் அப்பா உரக்கடைக்குப் போனதும் பெரியப்பா காதர் பாயைக் கூட்டிவந்தார். "சக்கரத்துக்குள்ள பிடிமானம் லூஸுங்க" என்று அவர் பின்னால் இறுக்கிவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் என்னை ஷெட் வாசலில் காவல் வைத்தார்கள். இரண்டு பேருமே, "இத அந்தப் பக்கம் சொல்லாத கண்ணு" என்று ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

கம்பியை லேசாகத் தொட்டாலே வண்டி நிற்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் தனித்தனியாகப் போய் இழுத்துப் பார்த்துவிட்டுத் தனித்தனியாகச் சிரித்துக்கொள்கிறார்கள். தன்னால்தான் சரியாயிற்று என்று அப்பா நினைக்கிறார். தன்னால்தான் என்று பெரியப்பா நினைக்கிறார். என்னால் என்று நான் இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

அம்மா எனக்குத் தலை பின்னும்போது, "டீசல் போட்டாச்சான்னு கேக்க ஒரு ஆளு ரெண்டு தடவ அந்தப் பக்கம் போயிட்டு வருவாளா?" என்று கேட்டாள். நான் ரிப்பனை எடுத்து நீட்டினேன். அம்மா சடையை ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டாள். பிறகு, "நல்லா பிடிக்குதான்னு நீயும் ஒருக்கா இழுத்துப் பாத்துக்க" என்றாள்.

பிப்ரவரி 1, சனி

நாளைக்கு. ஹேண்ட்பிரேக் சரியாகிவிட்டது என்றாலும் கட்டையையும் நான் எடுத்துவர வேண்டுமாம். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார் அப்பா. இன்று அவர் மூன்று தடவை குளித்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மொட்டை முடிந்தது. குழந்தை அழவில்லை. இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். காலையில் மலையில் நடந்ததை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

முன்னால் அப்பா, அம்மா, கதவோரம் நான். பின்னால் அப்பாவுக்கு நேர் பின்னே பெரியப்பா, பிறகு பெரியம்மா, தமயந்தி அக்கா, மடியில் குழந்தை. திரைகள் எல்லாம் மூடியிருந்தன. மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டி ஏற ஆரம்பித்ததும் அப்பா ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். வளைவு இல்லாத இடத்திலும் அடித்தார். குரங்குகள் சுவரிலிருந்து இறங்கி வழிவிட்டன. பெரியப்பா சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். பக்தி என்று நினைத்தேன்.

பாதிக்கு மேல் ஏறிய பிறகு, ரொம்பச் செங்குத்தான ஒரு வளைவில் இன்ஜின் அணைந்தது.

"கோத, கட்டை!"

குதித்தேன். ஓடினேன். சரியான சக்கரம், சரியான பக்கம். முட்டுக் கொடுக்கக் குனிந்தால் சக்கரம் அசையவே இல்லை. அப்பா ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துவிட்டிருந்தார். வண்டி பாறை மாதிரி நின்றது. கட்டைக்கு வேலையே இல்லை.

அவ்வளவுதான், பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். இன்ஜினும் மறுபடி கிளம்பியது. ஆனால் வண்டி நகரவில்லை. இரண்டு மெக்கானிக்குகள் இறுக்கிய பிரேக்கை அப்பா முழுப் பலத்தோடு இழுத்ததில் கம்பி மாட்டிக்கொண்டுவிட்டது. கீழே இறங்க மறுத்தது. ஏறுவதா இறங்குவதா என்று சொல்ல யாருமில்லாமல் வண்டி உறுமியது, அணைந்தது.

எடு என்று சொல்லும்வரை கட்டையோடு சக்கரத்துக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும் என்பது பயிற்சி. அதனால் நான் வெளியே நின்றேன். மெரூன் திரைக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை. குரல்கள்தான் கேட்டன.

"கோத, உங்க பெரிப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தார் அப்பா. நான் வெளியே இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு, ஆறு வருடத்தில் நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன். பெரியப்பா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"டேய் நல்லதம்பி. முனையில இருக்கற பித்தான அழுத்துடா."

"அழுத்தித்தானுங்ணா இருக்கேன்." அப்பாவின் குரல் ஆறாம் வகுப்புப் பையனுடையது மாதிரி இருந்தது.

"சும்மா அழுத்துனா எறங்காது. மேல இழுத்துக்கிட்டே அழுத்தோணும். இரு, நானும் கை குடுக்கறேன்."

"எட்டுமாங்ணா?"

"எட்டுது எட்டுது. உங் கை ஏண்டா இப்படி வேர்த்துக் கெடக்குது?"

"உங்குளுது மட்டும் என்னவாமா?"

"எனக்குப் பயம்டா. நான் சின்னதுலயே பஸ்ஸுல கண்ண மூடிட்டுத்தான வருவேன். உனக்கென்ன?"

"எனக்குந்தானுங்ணா. ராத்திரியெல்லாம் தூங்கல."

நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பறம் இம்புட்டு இறுக்கமா எதுக்குடா கட்டி வெச்சே?"

"நான் கொஞ்சம்தான் கட்டுனேன். நீங்கதான ஹேண்ட்பிரேக் பூராவும் என்னுது, கை வெக்காதேன்னு..."

"நானா? நீதானடா சொல்லிவிட்டே!"

"நான் எங்கீங்ணா சொன்னேன்?"

பின் கண்ணாடியின் திரை ஒரு ஓரத்தில் விலகியது. பெரியப்பாவின் முகம் தெரிந்தது. அதற்கு மேலே, முன் சீட்டிலிருந்து எல்லை தாண்டி எக்கி, அப்பாவின் முகம். இரண்டு முகங்களும் என்னைப் பார்த்தன. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. எனக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கீழே நாற்பது வளைவு. ஓடி எங்கே போவது?

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. பெரியம்மாவும் சேர்ந்துகொண்டாள். திரை மூடியது.

"உனக்கு ஸ்டெப்னி வேணும்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கென்னடா? வெயில்ல சக்கரத்த உருட்டிட்டுப் போறே!"

"கேட்டாக் குடுத்துருப்பீங்களா?"

"கேட்டியாடா நீ?"

"நீங்க பாத்துட்டே உக்காந்திருந்தீங்கல்ல?"

"பின்ன, கூப்புடுவேன்னு பாத்துட்டு இருந்தேன்டா!"

இந்தச் சண்டைக்கு நடுவே கம்பி இறங்கிவிட்டது. க்ளக் என்ற சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே யாரும் அதைக் கவனிக்கவில்லை. கால் பிரேக்கை மிதித்தபடியே அப்பா பாகம் பிரித்த அன்று நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நான் கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் நன்றாகச் செருகினேன்.

பின்னால் ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் இறங்கி என்னிடம் வந்தார். முன்னால் பால் வெள்ளையையும் பின்னால் மோர் வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே இருந்து வந்த கத்தலையும் கேட்டார்.

"என்ன பாப்பா, வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்ணா" என்றேன். "சரியாயிருச்சு. பேசிட்டு இருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு திரும்பி, டிரைவரைப் பார்த்து, இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லிக் கையைக் காட்டினார்.